தன் கையெழுத்தில் தனக்கு வரும் கடிதம்

எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தபால்காரர் உறையைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்: “தடியா இருக்கே பாப்பா, திரும்பி வந்திருச்சு போல.” 1998ஆம் வருடம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்திரிகைக்குக் கதை அனுப்புகிற ஆள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் என்பதால் அவருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படியாகியிருந்தது. கதையோடு, நம் விலாசம் எழுதிப் போதிய தபால் தலை ஒட்டிய உறை ஒன்றையும் மடித்து வைத்து அனுப்ப வேண்டும். கதை வேண்டாமென்றால் அதற்குள்ளேயே போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எடுத்துக்கொண்டால் மெல்லிசாக ஒரு கார்டு வரும், அல்லது கதை அச்சான இதழே வந்து சேரும். ஆக, என் கையெழுத்தில் என் பேருக்கு ஒரு உறை வந்தால் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை.

ஆனாலும் பிரிப்பேன். உள்ளே ஒன்பது பக்கக் கதை. மேல் மூலையில் குண்டூசி குத்திய ஒரு துண்டுச் சீட்டு. ‘தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ அச்சடித்த வரி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்பு. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ‘இயலாமை’ என்று ஏன் போட்டிருக்கிறார்கள், ‘விருப்பமில்லை’ என்று ஏன் போடவில்லை, அப்படியென்றால் பிடித்திருந்தும் போட முடியவில்லையோ என்றெல்லாம் யோசித்துக்கொண்டு கொல்லைப்புறத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருப்பேன். அம்மா வந்து எதுவும் கேட்காமல் காப்பியை வைத்துவிட்டுப் போவாள்.

ஆறு வருடம் கழித்துச் சென்னையில் ஒரு சிறிய மாத இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த மேஜையின் டிராயரை இழுத்தபோது அதே மாதிரிச் சீட்டுகள், ரசீதுப் புத்தகம்போல மேல் விளிம்பில் கோந்து தடவி நூறு நூறாக ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். நான் அத்தனை நாள் உட்கார்ந்து அர்த்தம் தேடிய வரி, அச்சகத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஓடியது. யாரும் என்னை நினைத்து எழுதவில்லை. என் கதையை நினைத்துக்கூட எழுதவில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் இந்தச் சீட்டில் இல்லாத செய்தியைப் படித்து மனம் உடைந்துபோகிறார்கள். இருக்கிற கொஞ்சச் செய்தியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

முதலில் இடத்தின் கணக்கு. எங்கள் இதழில் மாதத்துக்கு மூன்று கதை. வருடத்துக்கு 36. அதில் ஏறக்குறையப் பாதி, ஆசிரியர் தானே தொலைபேசியில் கேட்டு வாங்கும் மூத்த எழுத்தாளர்களின் கதைகள். மீதி இருப்பது 18 இடம். வாரத்துக்கு இரண்டு கதை போடும் வார இதழ் என்றாலும் வருடத்துக்கு 104தான். நாங்களோ சின்ன இதழ். எங்களுக்கே திங்கட்கிழமை காலையில் ஒரு துணிப்பை நிறையத் தபால் வரும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும், பெரும்பாலான கதைகள் திரும்பிப் போயே ஆக வேண்டும். வந்த அத்தனையும் நல்ல கதைகளாகவே இருந்தாலும் போயே ஆக வேண்டும்.

அந்தப் பையை முதலில் பிரிப்பது ஆசிரியர் இல்லை. என்னைப் போன்ற உதவி ஆசிரியர்தான். நான் முதல் பக்கத்தைப் படிப்பேன். ஓட்டம் இருந்தால் தொடர்வேன், இல்லையென்றால் கடைசிப் பக்கத்துக்குப் போவேன். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் குண்டூசியும் சீட்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆறு மாதம் உயிரைக் கொடுத்து எழுதியதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்வது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் கடையில் இதழைப் புரட்டும் வாசகர் அந்த ஐந்து நிமிடத்தைக்கூடத் தர மாட்டார். ‘வேண்டாம்’ என்பதில் நான் அநேகமாகத் தவறியதில்லை. தவறியதெல்லாம் ‘பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைத்த நடு அடுக்கில்தான். ஆசிரியரிடம் போன அந்த அடுக்கிலிருந்து அச்சுக்குப் போனவை கொஞ்சம், திரும்பிப் போனவை நிறைய. இரண்டுக்கும் இடையில் தரத்தில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

வித்தியாசம் வேறு இடங்களில் இருந்தது. பொங்கலைப் பற்றிய கதை பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்து சேரும். அந்த இதழ் அதற்குள் பைண்டிங் முடிந்து கடைக்கே போயிருக்கும். தீபாவளி மலருக்கான பக்கங்கள் தீபாவளிக்கு வெகு முன்பே நிரம்பிவிடும். விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்தால் இரண்டு பக்கம் போய்விடும், எட்டுப் பக்கக் கதைக்குப் பதில் ஆறு பக்கக் கதை உள்ளே போகும். ஒரு முறை ஒரே மாதத்தில் இரண்டு கதைகள் வந்தன. இரண்டிலும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா தோட்டை அடகு வைக்கிறாள். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டோம். இரண்டாவதைத் திருப்பினோம். இரண்டாவதின் முடிவு முதலாவதைவிட நன்றாக இருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுத்தின் தரத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக ஒரு படைப்பு திரும்புவதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1944 ஜூலையில் லண்டனின் ஃபேபர் பதிப்பகத்தில் இயக்குநராக இருந்த கவிஞர் டி. எஸ். எலியட், ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். பண்ணை விலங்குகளை வைத்துச் சோவியத் ஆட்சியைச் சாடிய ஆர்வெல்லின் சிறிய நாவலைப் பற்றிய கடிதம் அது. எழுத்து மிகச் சிறப்பாக இருக்கிறது என்று அதில் மனம் திறந்து பாராட்டுகிறார். ஆனால் அன்றைய அரசியல் நிலைமையை விமர்சிக்க இதுதான் சரியான கோணம் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை என்று மறுத்துவிடுகிறார். இரண்டாம் உலகப்போரில் ரஷ்யா அப்போது பிரிட்டனின் கூட்டாளி. இதே காலத்தில் வேறு பதிப்பகங்களும் அந்த நாவலை மறுத்தன. 1945 ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு, அது வேறொரு பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. பதின்மூன்று மாதத்தில் நாவல் மாறிவிடவில்லை. உலகம்தான் மாறியிருந்தது.

எலியட் படித்துவிட்டு மறுத்தார். சரியாகப் படிக்காமலே மறுத்த கதையும் இருக்கிறது. 1912இல் பாரிஸில் மார்செல் புரூஸ்த்தின் பெரிய நாவலின் முதல் பகுதியை எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் சார்ந்திருந்த இலக்கிய இதழின் குழு திருப்பி அனுப்பியது. மேல்தட்டு விருந்துகளில் சுற்றும் மனிதர் என்று புரூஸ்த்தைப் பற்றி ழீத்துக்கு ஒரு அபிப்பிராயம் ஏற்கெனவே இருந்தது. கையெழுத்துப் பிரதியை அங்கங்கே புரட்டியதோடு சரி. புரூஸ்த் 1913இல் தன் சொந்தச் செலவில் அதை வெளியிட்டார். 1914 ஜனவரியில் ழீத் அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அந்த நூலை மறுத்தது தங்கள் இதழ் செய்த மிகப் பெரிய பிழை, தன் வாழ்வின் கசப்பான வருத்தங்களில் ஒன்று என்று அதில் ஒப்புக்கொண்டார். ஒரு ஆசிரியர் இப்படித் தன் தவறை எழுத்தில் ஒத்துக்கொள்வது அபூர்வம். அதற்காகவே ழீத்தை எனக்குப் பிடிக்கும்.

பெயருக்கு இருக்கும் எடையை டோரிஸ் லெஸ்ஸிங் சோதித்துக் காட்டினார். 1980களின் தொடக்கத்தில், ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றிருந்த அவர், ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் ஒரு நாவலை எழுதி அனுப்பினார். அவருடைய வழக்கமான பிரிட்டிஷ் பதிப்பகமே அதை வேண்டாமென்றது. வேறொரு பதிப்பகத்தில் 1983இல் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டு லெஸ்ஸிங் உண்மையை வெளியிட்டார். புதியவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று காட்டத்தான் இதைச் செய்ததாகவும் சொன்னார்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ‘பன்னிரண்டு பேர் வேண்டாமென்ற எழுத்தாளர் பின்னால் கோடீஸ்வரர் ஆனார்’ என்று பகிரப்படும் ஊக்க வாசகங்களை நம்பிப் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பன்னிரண்டு பேர் மறுத்து, பதின்மூன்றாவது ஆளும் மறுத்து, அதோடு அடங்கிப்போனவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. எனவே மறுக்கப்பட்டதே ஒரு தகுதிச் சான்று என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. என் மேஜைக்கு வந்த கதைகளில் பெரும்பாலானவை திரும்பிப் போக வேண்டிய கதைகள்தான். 1998இல் நான் அனுப்பியவையும் அப்படித்தான். அதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

சீட்டில் இருக்கும் கொஞ்சச் செய்தி என்று முன்னால் சொன்னேன். அதற்குப் படிநிலைகள் உண்டு. வெறும் அச்சுச் சீட்டு என்றால் அர்த்தம் ‘இந்தக் கதைக்கு இப்போது இடமில்லை’. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சீட்டின் கீழே பேனாவால் ஒரு வரி இருந்தால் விஷயம் முற்றிலும் வேறு. முன்னூறு கதை காத்திருக்கும் மேஜையில் ஒருவர் பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதுகிறார் என்றால் அந்தக் கதை அவரை ஒரு நிமிடம் நிறுத்தியிருக்கிறது. ‘வேறு கதை இருந்தால் அனுப்புங்கள்’ என்று இருந்தால் அதை உபசார வார்த்தை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த உதவி ஆசிரியரும் உபசாரத்துக்காகத் தன் மேஜைக்கு இன்னொரு கதையை வரவழைத்துக்கொள்ள மாட்டார். அந்த வரி வந்தும் மறுபடி எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஸ்டீபன் கிங் சிறுவயதில் தனக்கு வந்த மறுப்புச் சீட்டுகளைச் சுவரில் ஒரு ஆணியில் குத்தி வைப்பாராம். பதினான்கு வயதுக்குள் ஆணி பாரம் தாங்காமல், பெரிய கம்பியாக மாற்றினார். இந்த ஆணிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் இன்னொரு சிறிய விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சீட்டுகளில் ஒன்றில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள், பக்கங்களை ஸ்டேப்ளர் அடிக்காதே, கிளிப் போட்டு அனுப்பு என்று. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அந்தப் பையன் அதற்கப்புறம் ஸ்டேப்ளர் அடித்ததே இல்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. தனக்கு வந்த ஒரே ஒரு உண்மையான தகவலை அவர் வீணாக்கவில்லை.

எனக்கும் ஒரு வரி வந்தது. அது நான் அனுப்பிய ஏழாவது கதை. சீட்டின் பின்பக்கம், நீல மையில், சாய்ந்த எழுத்தில்: ‘கதை நான்காம் பக்கத்தில்தான் தொடங்குகிறது.’ கையெழுத்து இல்லை. முதலில் வந்தது கோபம். அந்த மூன்று பக்கத்தில்தான் எங்கள் ஊரையும் ஆற்றங்கரையையும் படித்துறையையும் கதாநாயகியின் அப்பாவுக்கு இருந்த இருமலையும் வரைந்திருந்தேன். ஒரு வாரம் கதையைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் நான்காம் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். அங்கே அவள் கதவைத் திறக்கிறாள். திறந்ததும் வாசலில் தாசில்தார் அலுவலக ஆள் நிற்கிறான். ஊரும் ஆறும் இருமலும் அந்த வாசலில் தாமாகவே தெரிந்தன. மூன்று பக்கத்தையும் கிழித்தேன். கதை ஆறு பக்கமாகியது. வேறொரு இதழில் அச்சாயிற்று. சன்மானம் மணியார்டரில் வந்தபோது தபால்காரர்தான் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டார்.

பல வருடம் கழித்து வில்லியம் கோல்டிங்கின் முதல் நாவலுக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு அந்த நீல மை ஞாபகம் வந்தது. பல பதிப்பகங்கள் சுற்றி மூலைகள் மடங்கிப்போன அந்தப் பிரதி 1953இல் ஃபேபருக்கு வந்தது. முதலில் படித்தவர் சலிப்பூட்டும் குப்பை என்று எழுதி ஒதுக்கினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சார்ல்ஸ் மாண்டீத் ஒதுக்கிய குவியலிலிருந்து அதை எடுத்துப் படித்தார். அவருக்கும் ஆரம்பப் பக்கங்கள் பிடிக்கவில்லை. அணுப்போரைப் பற்றிய நீண்ட முன்கதை அது. அதைத் தாண்டிப் படித்தபோது தீவில் மாட்டிக்கொண்ட சிறுவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த முன்கதையை வெட்டச் சொன்னார், கோல்டிங் வெட்டினார், 1954இல் நூல் வந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு. மறுத்த அத்தனை பேரும் முட்டாள்கள் இல்லை என்பது இதில் முக்கியம். அவர்கள் படித்த பிரதியின் தொடக்கத்தில் உண்மையிலேயே குறை இருந்தது. அதைத் தாண்டிப் பார்க்க ஒருவருக்குப் பொறுமை இருந்தது.

தமிழில் இந்தத் துறைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கதையோடு ஒரு உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். ‘இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை.’ இந்தக் கடைசிப் பகுதி நியாயமானதுதான். ஒரே கதை இரண்டு இதழில் ஒரே வாரத்தில் வந்த சங்கடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உறுதிமொழி இரு பக்கத்தையும் கட்ட வேண்டும். அனுப்பியவர் வேறெங்கும் அனுப்பாமல் காத்திருக்கிறார் என்றால், பெற்றுக்கொண்டவர் ஏதாவது ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பதிலே வராவிட்டால் என்ன ஆகும்? ஒரு இதழில் ஆறு மாதம், அடுத்ததில் ஆறு மாதம், மூன்றாவதில் ஆறு மாதம் என்று ஒரே ஒரு கதையோடு ஒன்றரை வருடம் ஓடிப்போகும். இருபத்தி இரண்டு வயதில் எழுதத் தொடங்கும் ஒருவருக்கு ஒன்றரை வருடம் என்பது சின்ன காலமா? அதற்குள் கல்யாணம் ஆகி, வேலை மாறி, ஊர் மாறி, எழுத்தையே விட்டவர்கள் உண்டு. பெண்கள் அதிகம்.

இப்போது மின்னஞ்சல் வந்த பிறகு சுயவிலாச உறை போய்விட்டது. அதோடு சீட்டும் போய்விட்டது. ‘இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் ஏற்கப்படவில்லை எனக் கொள்ளவும்’ என்ற ஒரு வரி அறிவிப்பு பல இடங்களில் வந்துவிட்டது. அந்த அறிவிப்பாவது இருந்தால் தேவலை. அதுவும் இல்லாத இடங்கள் ஏராளம். ரப்பர் ஸ்டாம்பு குத்திய அந்தச் சீட்டை நான் அந்த வயதில் வெறுத்தேன். இன்று அதற்காக ஏங்குகிறேன் என்றால் மிகையில்லை. யாரோ ஒருவர் என் உறையைப் பிரித்தார், என் பக்கங்களைத் தொட்டார், முடிவு செய்தார், குண்டூசி குத்தினார் என்பதற்கு அது சாட்சி. சட்டென்று இன்னொரு உறை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்ப அது எனக்கு விடுதலையும் தந்தது.

புத்தகப் பதிப்பில் மறுப்புக் கடிதமே அநேகமாகக் கிடையாது. அங்கே ‘வேண்டாம்’ என்பது வேறு உருவத்தில் வரும். “நல்லா இருக்கு மேடம், போட்டுடலாம். செலவை மட்டும் நீங்க பாத்துக்கிட்டா...” இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நகையை விற்றுக் கவிதைத் தொகுப்பு போட்டு, ஐந்நூறு பிரதி கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். நேராக ஒரு மறுப்பைச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவோ நல்லது. சொந்தச் செலவில் நூல் போடுவது தவறில்லை, புரூஸ்த்தே போட்டார். ஆனால் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்ப வைத்துப் பணம் வாங்குவது தவறு.

சில மறுப்புகள் ஒரு கதைக்கோ ஒரு ஆளுக்கோ வருவதில்லை. ஒரு எழுத்து முறைக்கே வரும். ந. பிச்சமூர்த்தி 1930களில் ‘மணிக்கொடி’ இதழில் யாப்பை விட்டு எழுதத் தொடங்கினார். இது கவிதையே இல்லை என்றார்கள். அதன்பின் நீண்ட காலம் அதற்குப் பெரிய பத்திரிகைகளில் இடமே இல்லை. சி. சு. செல்லப்பா 1959இல் தன் கைக்காசைப் போட்டு ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புதுக்கவிதை வேர்விட்டது அங்கேதான். யாழ்ப்பாணத்தில், முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். வேறு கதவு திறக்காத எத்தனையோ பேருக்கு அந்த இதழ் முதல் மேடை ஆயிற்று. ஒருவருடைய கதை ஏழு இடத்திலிருந்தும் ஒரே மாதிரி திரும்புகிறதென்றால், கதையை மறுபடி படித்துப் பார்ப்பதோடு, அனுப்பிய ஏழும் ஒரே மாதிரி இதழ்களா என்றும் பார்க்க வேண்டும். குடும்ப வார இதழுக்கு அனுப்பக் கூடாத கதையை அங்கே அனுப்பிவிட்டு அழுதவள்தான் நானும்.

அண்மையில் இன்னொரு நெருக்கடி சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் கதை வாங்குவதையே சிறிது காலம் நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிய கதைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஐந்நூறு வந்து குவிந்தன. யாரும் எழுதி அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இதழ்களுக்குத்தான் இதில் முதல் அடி. தெரிந்த பெயர்களிடம் மட்டும் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அப்படிச் செய்தால் முதல் கதை எழுதும் ஆள் எங்கே போவார்? அந்த இதழ் கதவை மூடி வைக்காமல் மறுபடி திறந்தது. தமிழ் இதழ்களும் இந்தக் கேள்வியைச் சந்திக்கும் நாள் தூரத்தில் இல்லை.

என்னிடம் பேச வரும் பிள்ளைகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்கிறேன். கதையின் பேர், அனுப்பிய தேதி, எந்த இதழ், என்ன பதில் என்று கோடு போட்டு எழுதி வைக்கச் சொல்கிறேன். மூன்று மாதம் ஆகிவிட்டதென்றால் மரியாதையாக ஒரு வரி கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம். முகம் தெரியாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் ஒரு வாரம் வைத்திருந்து பிறகு முடிவு செய்யுங்கள். கோபத்தில் பதில் எழுதாதீர்கள், அந்த மேஜையில் இருப்பவர் நாளைக்கு வேறு மேஜையில் இருப்பார். கதை தபாலில் இருக்கும்போதே அடுத்ததை ஆரம்பித்துவிடுங்கள். உறை திரும்பி வரும் அன்று வீட்டில் பாதி எழுதிய கதை ஒன்று இருந்தால் வலி பாதிதான்.

அந்தத் தோட்டுக் கதையை அனுப்பியவர் தேனிப் பக்கத்து ஊர்க்காரர். சுயவிலாச உறையோடு ஒரு 50 பைசா போஸ்ட் கார்டையும் வைத்திருந்தார், தன் விலாசத்தை எழுதி. இணைப்புக் கடிதத்தின் கடைசியில், கதையை எடுத்துக்கொள்ளாவிட்டால் ஏன் என்று இந்தக் கார்டில் ஒரே ஒரு வரி எழுதுவீர்களா அக்கா என்று கேட்டிருந்தார். கடிதத்தை ஆசிரியருக்கு என்று எழுதவில்லை. படிப்பவர் ஒரு பெண்ணாக இருப்பார் என்று எப்படியோ ஊகித்திருந்தார். அன்று இதழ் முடிக்கும் நாள். கதையை உறையில் போட்டேன், சீட்டைக் குத்தினேன், கார்டைப் பிறகு எழுதலாம் என்று டிராயரில் வைத்தேன். அவரிடமிருந்து அப்புறம் கதை எதுவும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டு டிராயரைக் காலி செய்தபோது சீட்டுக் கட்டுக்கு அடியில் அது கிடந்தது. அன்றைக்கே எழுதி அனுப்பினேன்: ‘இதே கருவில் வேறொரு கதையை முன்பே எடுத்துவிட்டோம். உங்கள் முடிவு அதைவிட நன்றாக இருந்தது.’ போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.